ஆடிக்காற்றும் என் கண்ணும்

மே 12

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து கடையில் நிற்க இடமில்லை. சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. பாலக்கோட்டில் இ-சேவை மையம் நடத்துகிறவர்கள் வருஷத்துக்கும் சம்பாதிப்பது இந்த இரண்டு மாதத்தில்தான். எனக்குக் கண் அதிகம் படுத்துவதும் இந்த மாதங்களில்தான்.

காலை பத்து மணிவரை பரவாயில்லை. அப்புறம் இடது கண்ணின் வெளி ஓரத்தில் ஒரு அரிப்பு, பிறகு எரிச்சல். மதியத்துக்கு மேல் புருவம்வரை இழுக்கிற வலி. கூடவே தண்ணீரும் கொட்டும். முதியோர் பென்ஷனுக்கு வந்த தாத்தா ஒருவர் குனிந்து பார்த்து, "ஏன் பாப்பா அழுவுற, வீட்ல எதுனா சண்டையா?" என்று கேட்டார். கண் காய்ந்து கிடப்பதால்தான் இந்தத் தண்ணீர் வருகிறது என்றால் யார் நம்புவார்கள்? "தூசி தாத்தா" என்று சொல்லிவிட்டு ரேகை வைக்கச் சொன்னேன்.

மே 24

மதியம் சர்வர் படுத்துவிட்டது. வெளியே நின்றவர்கள் என்னைத் திட்டினார்கள். நான் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். சர்வர் படுத்தால் சந்தோஷப்படுகிற ஒரே ஆபரேட்டர் தர்மபுரி மாவட்டத்திலேயே நானாகத்தான் இருப்பேன்.

ஜூன் 3

சேலம் போய்க் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். இதற்கு முன் வேறு ஊரில் காட்டிய டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, போன் பாக்குறதைக் குறைங்க" என்று அனுப்பியிருந்தார். பிழைப்பே கம்ப்யூட்டரில் இருக்கிறவளிடம் சொல்கிற பேச்சா அது?

சேலத்து டாக்டரம்மா அவசரப்படவில்லை. முதலில் மில்லிமீட்டர் கோடு போட்ட ஒல்லியான காகிதத்தின் நுனியை மடித்துக் கீழ் இமைக்குள் மாட்டி, ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருக்கச் சொன்னார். அதற்குள் 10 மில்லிமீட்டராவது நனைய வேண்டும், 5-க்குக் கீழே போனால் வறட்சி கடுமை என்று அர்த்தம். எனக்கு இடது 7, வலது 9. அடுத்து கண்ணில் ஆரஞ்சுச் சாயம் தொட்டு, நீல விளக்கைப் போட்டு, சிமிட்டாமல் பார்க்கச் சொல்லி எண்ணினார். கண்ணீர்ப் படலம் 10 விநாடியாவது உடையாமல் நிற்க வேண்டுமாம். என்னுடையது நாலிலேயே உடைந்துவிட்டது.

கடைசியில் இமை ஓரத்தை விரலால் அழுத்தினார். மேல் இமையிலும் கீழ் இமையிலும் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. அந்த எண்ணெய்தான் கண்ணீரின் மேலே படர்ந்து அதை ஆவியாகாமல் காக்கிறது. தெளிவாக வழிந்து வர வேண்டிய எண்ணெய் எனக்கு மார்கழிக் காலைத் தேங்காய் எண்ணெய் மாதிரி கெட்டியாக வந்தது. எண்ணெய் சரியாக இல்லாததால் கண் சீக்கிரம் காய்கிறது, காய்ந்த எரிச்சலில் கண் அவசரத்துக்குத் தண்ணீரைக் கொட்டுகிறது, அந்தத் தண்ணீர் நிற்காமல் கன்னத்தில் ஓடிவிடுகிறது. பென்ஷன் தாத்தாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

வாய் உலர்கிறதா, மூட்டு வலிக்கிறதா என்றும் கேட்டார். ஷோக்ரன் என்று ஒரு நோய் இருக்கிறதாம். 1933-ல் அதைப் பற்றி விரிவாக எழுதிய ஸ்வீடன் நாட்டுக் கண் மருத்துவரின் பெயர் அது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்குமாம். ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். தும்மலுக்கு நான் போடுகிற செட்ரிசின் மாத்திரையும் கண்ணை உலர்த்துமாம். முடிந்தவரை தவிர்க்கச் சொன்னார்.

ஜூன் 9

ரத்தத்தில் ஒன்றும் இல்லை. நல்லது.

ஜூன் 15

இமைக்கு தினமும் இரண்டு வேளை ஒத்தடம். வெந்நீரில் நனைத்த துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடுகிறது. உறைந்த எண்ணெய் இளக பத்து நிமிடமாவது சூடு வேண்டும். அத்தைதான் வழி கண்டுபிடித்தார். பழைய வேட்டித் துணியில் சின்னப் பை தைத்து, கேழ்வரகு நிரப்பி, தோசைக்கல்லில் புரட்டிக் கொடுக்கிறார். மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு மூடிய கண்மேல் வைத்தால் பொறுமையாகச் சுடுகிறது. பிறகு மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் மெதுவாக நீவ வேண்டும். அறையெல்லாம் களி கிண்டுகிற வாசனை. மகன் தினமும் ஏமாந்து எட்டிப் பார்க்கிறான்.

அத்தை நந்தியாவட்டைப் பூவும் பறித்து வைக்கிறார். டாக்டரம்மா கண்ணுக்குள் எதையும் பிழியவோ ஊற்றவோ கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். விளக்கெண்ணெயும் கூடாது, தாய்ப்பாலும் கூடாது. மூடிய இமைமேல் பூவை வைத்துப் படுத்தால் குளுகுளுவென்று இருக்கிறது. அத்தைக்கும் திருப்தி. அது போதும்.

ஜூலை 1

சொட்டு மருந்து பற்றி எழுதிவைக்கிறேன், யாருக்காவது பயன்படும். மெடிக்கலில் சாதாரணமாகக் கிடைக்கிற பாட்டில் மருந்து பலவற்றில் கெடாமல் இருக்க பென்சல்கோனியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். எப்போதாவது ஒரு சொட்டு என்றால் சரி. என்னை மாதிரி நாள் முழுக்க விடுகிறவர்களுக்கு அதுவே கண்ணின் மேற்பரப்பைப் புண்ணாக்கும். அதனால் எனக்கு அது சேர்க்காத, தனித்தனிக் குப்பியாக வருகிற மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார் டாக்டரம்மா. விலைதான் கடிக்கிறது.

சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத பிளாஸ்டிக் குப்பி. தலையைத் திருகி எடுத்தால் வாயில் ஒரு பிசிறு நிற்கும். முதல் சொட்டை வெளியே விட்டுவிட வேண்டும். கீழ் இமையை இழுத்து, குப்பி இமை முடியைத் தொடாமல், இரண்டாவது சொட்டு உள்ளே. கூட்டத்துக்கு நடுவே அண்ணாந்து இதைச் செய்யும்போது, "அக்கா, ஓடிபி வந்திருச்சுக்கா" என்று எவனாவது கத்துவான்.

இன்னொரு சொட்டு மருந்து, சைக்ளோஸ்போரின் 0.05 சதவீதம், காலையும் இரவும். சுரப்பியைச் சுற்றியிருக்கிற அழற்சியை அடக்கும், பலன் தெரிய மூன்று மாதம்வரை ஆகலாம் என்றார். விட்டவுடன் மிளகாய்க் கையால் தேய்த்த எரிச்சல்.

ஜூலை 20

ஆடி பிறந்துவிட்டது. அம்மி பறக்கிறதோ இல்லையோ, தக்காளி மண்டிப் பக்கத்துப் புழுதி மொத்தமும் ரோட்டுக்கு வந்துவிட்டது. பக்கவாட்டிலும் மறைக்கிற கண்ணாடி, அதற்கு மேல் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி, ஸ்கூட்டியில் போகிறேன். அப்படியும் காற்று தாடைக்குக் கீழே புகுந்து மேலே ஏறுகிறது. கடைக்குப் போனதும் கொஞ்ச நேரம் யாரோடும் பேச முடியவில்லை.

ஜூலை 28

மறுபடி சேலம். சாயம் விட்டுப் பார்த்துவிட்டு, போன தடவையைவிடப் பரவாயில்லை என்றார் டாக்டரம்மா. எனக்குக் கோபம்தான் வந்தது. வலி துளிகூடக் குறையவில்லையே. பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று பேசாமல் இருந்தேன்.

அவர் மரத்துப்போகிற மருந்தை ஒரு சொட்டு விட்டார். கண்ணின் மேற்பரப்பு ஒரு நிமிடத்தில் செத்துவிட்டது, விரலால் தொட்டாலும் தெரியாது. "இப்ப வலி எவ்வளவு இருக்கு?" என்றார். எரிச்சல் போயிருந்தது. புருவ எலும்புக்கு அடியில் இழுக்கிற வலி அப்படியே இருந்தது.

"பாதி வறட்சி, பாதி நரம்பு," என்றார். உடம்பிலேயே நரம்புகள் மிக நெருக்கமாக இருக்கிற இடங்களில் கருவிழி ஒன்று. நாள்கணக்கில் காய்ந்து காய்ந்து அந்த நரம்புகள் அளவுக்கு மீறி உஷாராகிவிட்டால், மேற்பரப்பு தேறிய பிறகும் வலியை அனுப்பிக்கொண்டே இருக்குமாம். அதனால்தான் சோதனையில் தெரிவதற்கும் நோயாளி சொல்வதற்கும் சில பேரிடம் ஒத்துப்போகாது என்றார். வெளியே உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "இவர் முன்னால இன்னொரு தடவை சொல்லுங்க மேடம்" என்றேன். சிரித்துக்கொண்டே முழுவதும் சொன்னார்.

நரம்பு வலிக்குக் கொடுக்கிற மாத்திரைகளில் சிலது கண்ணை இன்னும் உலர்த்துமாம். அதைத் தவிர்த்து, பிரீகாபலின் சிறிய அளவில் இரவுக்கு எழுதினார். தொப்பூர் தாண்டி டீக்கு நிறுத்தும்வரை இவர் ஒன்றும் பேசவில்லை. டீயை வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, "சாயந்திரம் கடையை நான் பாத்துக்கறேன், ஆறு மணிக்கு எழுந்துடு" என்றார். சான்றிதழ் அப்லோடு செய்யவே தெரியாது அவருக்கு. சரி, ஜெராக்ஸ் எடுக்கட்டும்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. பாப்பாரப்பட்டி, பென்னாகரம் வழியாக ஒகேனக்கல். காரில் ஏசி முகத்தில் அடிக்காதபடி திருப்பிவைத்துக்கொண்டேன். அருவிப் பக்கம் சாரல் காற்றில் நின்றபோது கண் அவ்வளவு சுகமாக இருந்தது, கிளம்பவே மனசில்லை. பத்தடி தள்ளி மீன் வறுக்கிற புகை வந்ததும் எல்லாம் போச்சு.

ஆகஸ்ட் 10

மாத்திரையால் காலையில் தலை கிறுகிறுக்கிறது. ஆனால் புருவ இழுப்பு மதியத்துக்குப் பதில் சாயங்காலம்தான் ஆரம்பிக்கிறது.

மானிட்டரை அட்டைப்பெட்டிமேலிருந்து இறக்கி மேஜையில் வைத்தேன். பார்வை கீழே போனால் கண் பாதி மூடியே இருக்கும், காய்வது குறையும். திரையின் மூலையில் 'சிமிட்டு' என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். பார்த்துக்கொண்டே இருக்கும்போது சிமிட்டுவது குறைகிறது, சிமிட்டினாலும் இமை அரைகுறையாகத்தான் மூடுகிறது. சான்று வாங்க வந்த பெண் ஒருத்தி அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, தனக்குத்தான் என்று நினைத்து வெப்கேமராவைப் பார்த்து மும்முரமாகச் சிமிட்டினாள்.

என் தலைக்கு நேர்மேலே இருக்கிற ஃபேனை அந்தப் பக்கம் மாற்ற வேண்டும். எலக்ட்ரீசியன் நாளைக்கு வருகிறேன் என்கிறார். அவர் நாளை என்றால் வியாழக்கிழமை.