கம்மர்செல் வீடு: 53 ஜன்னல் முடிந்தது, 22 பாக்கி

ஒன்றரை மாதமாக என்னைப் படுத்தி எடுத்த கண்ணாடி ஒருவழியாக வசப்பட்டுவிட்டது.

பிரான்சில் ஸ்ட்ராஸ்பர்க் தேவாலயத்துக்கு அருகிலேயே நிற்கும் வீடு இது. அதன் சிறு மாதிரியைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், அளவு 1:50. தரைத்தளத்தில் சிரமமே இல்லை: 1467-இல் கட்டிய கல் பகுதி, வளைவுகள், மணல்தாள், செம்மண் நிறம், ஆயிற்று. வம்பு அதற்கு மேலேதான். 1589-இல் மார்ட்டின் பிரவுன் என்ற பாலாடைக்கட்டி வியாபாரி கல்லை அப்படியே விட்டுவிட்டு, மேல்மாடிகளை மரத்தில் எழுப்பினார். உடம்பெல்லாம் செதுக்கல்: ராசிச் சின்னங்கள், ஐம்புலன்கள், மனித வாழ்வின் பருவங்கள். அதோடு விட்டாரா மனுஷன்? மொத்தம் 75 ஜன்னல்! வீட்டுக்குப் பெயர் என்னவோ பிற்பாடு 19-ஆம் நூற்றாண்டில் வந்த மளிகைக்காரர் கம்மர்செல்லுடையது. பாவம் பிரவுன்.

ஜன்னலில் இருப்பது சாதாரணக் கண்ணாடியும் இல்லை. பாட்டிலின் அடிப்பாகம் மாதிரி சின்னச் சின்ன வட்டங்கள், இடையிடையே ஈயப் பட்டை. ஊதிய கண்ணாடியைக் கம்பி முனைக்கு மாற்றி, சுழற்றித் தட்டையாக்குவார்கள். கம்பியை உடைத்து எடுத்த இடம் நடுவில் குமிழாகத் தங்கிவிடும். அந்தக் குமிழ் இல்லையென்றால் வெளிச்சம் உடையாது, ஜன்னல் செத்துக் கிடக்கும்.

முதலில் ஆணியைச் சூடாக்கி ஓஎச்பி ஷீட்டில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) வைத்தேன். அப்பளம் மாதிரி சுருண்டது. வெள்ளைப் பசையைச் சொட்டுச் சொட்டாக வைத்துப் பார்த்தேன். காய்ந்ததும் குமிழுக்குப் பதில் குழிதான் மிஞ்சியது. கடைசியில் கை கொடுத்தது உடைந்த ரேடியோ ஆன்டெனா. அதன் மெல்லிய குழாய்த் துண்டு ஏறக்குறைய 2.4 மி.மீ., அதாவது நிஜத்தில் 12 செ.மீ. வட்டம். ஷீட்டை மவுஸ் பேட் மேல் வைத்து, குழாயை அழுத்தி அரைச்சுற்று திருப்பினால் வட்டம் விழுகிறது. ஷீட்டைப் புரட்டி, மை தீர்ந்த ரெஃபில் முனையால் நடுவில் ஒரே அழுத்து: குமிழ்! கரும்சாம்பல் அக்ரிலிக் பூசி உடனே துணியால் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் நிறம் நிற்கிறது. அதுதான் ஈயம். உடனே என்றால் உடனே. போன் வந்ததென்று எழுந்துபோய் நான் மூன்று ஜன்னலைக் கறுப்பாக்கினேன்.

ஜன்னலுக்கு 40 வட்டம், ஆக மொத்தம் 3000. கட்டைவிரலில் காய்ப்பு.

மரச்சட்டத்துக்கு ஒன்றரை மி.மீ. குச்சி கேட்டால் இரண்டு மி.மீ. அனுப்புகிறார்கள், உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருக்கிறேன். இனி பாக்கெட்டைப் பிரிக்கும்போதே அளந்துவிடுங்கள்.

இதே அளவில் தேவாலயத்தையும் செய்யலாமே என்று கணக்குப் போட்டேன். 142 மீட்டர் கோபுரம் 2.84 மீட்டர் வருகிறது. கூரை இடிக்காது, மின்விசிறியைக் கழற்ற வேண்டும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

குழாயின் விளிம்பு மழுங்கத் தொடங்கிவிட்டது. மிச்சம் 22 ஜன்னலுக்காக நாளை பழைய இரும்புக் கடையில் இன்னொரு ஆன்டெனா தேட வேண்டும்.