தொண்டை வலியை அடுத்து வந்த சீழ்க்கொப்புளங்கள்

என் அக்கா மகள் பாலர் பள்ளி ஆசிரியை. சென்ற ஆண்டு கடுமையான தொண்டை வலியும் காய்ச்சலும் கண்டிருந்த வேளையில், அவளுடைய உள்ளங்கை, பாதம், முழங்கை எங்கும் சிவந்த விளிம்புடன் சீழ்க்கொப்புளங்கள் திடீரென்று கிளம்பின. அக்கா அம்மை என்று எண்ணி வேப்பிலை வாங்கச் சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்கு ஆள் அனுப்பினார்; உடன் வேலை செய்பவர்கள் கை, கால், வாய்ப்புண் நோய் என்றார்கள். அவ்விரண்டிலும் பெரும்பாலும் முதலில் எழுவது நீர் கோத்த கொப்புளம். இவளுக்கோ தொடக்கத்திலேயே சீழ்.

பலதுறை மருந்தகம் அனுப்பிவைத்த தோல் மருத்துவர் சீழை எடுத்துச் சோதித்தபோது, அதில் எந்தக் கிருமியும் வளரவில்லை. ஆனால், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவின் தொற்றைக் காட்டும் ஏஎஸ்ஓ என்ற எதிர்ப்பொருளின் அளவு இரத்தத்தில் உயர்ந்திருந்தது. தொண்டையில் உள்ள கிருமியை எதிர்க்கக் கிளர்ந்த நோயெதிர்ப்பாற்றல், தோலில் வெள்ளணுக்களைக் குவித்துச் சீழாக்கியிருக்கிறது என்று அவர் விளக்கினார். உடலில் வேறோரிடத்தில் தங்கிய தொற்றுக்கும் கைகால் சீழ்க்கொப்புளங்களுக்கும் உள்ள தொடர்பை அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் 1930களிலேயே எழுதியிருக்கிறார். குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் இம்பெட்டைகோ என்ற தோல் தொற்றில் கிருமி தோலிலேயே இருப்பதால், துண்டைப் பகிர்ந்தாலும் பரவும். இவளுடைய கொப்புளம் தொட்டால் ஒட்டாது. இதைக் கேட்ட பிறகே அக்கா அவளுக்குத் தனித் தட்டு வைப்பதை நிறுத்தினார்.

உண்மையான சிக்கல் வேறு. தொண்டை வலிக்காக அவள் பென்சிலின் வகையைச் சேர்ந்த அமோக்சிசிலின் சாப்பிட்டிருந்தாள். இத்தகைய மருந்துகளாலும் சில நாள்களுக்குள், சில வேளை சில மணி நேரத்திலேயே, குண்டூசித் தலையளவு நுண்ணிய சீழ்க்கொப்புளங்கள் நூற்றுக்கணக்கில், அக்குள், தொடையிடுக்கு போன்ற மடிப்புகளில் தொடங்கி, காய்ச்சலுடன் பரவக்கூடும். அப்படியானால் மருந்தை உடனே நிறுத்த வேண்டும். மீண்டும் கொடுத்தால் மீண்டும் வரும். அதற்காக, காரணம் தெளியாமல் ‘பென்சிலின் ஒவ்வாமை’ என்று பதிந்துவிட்டால், ஒரு நல்ல மருந்தை நோயாளி வாழ்நாள் முழுதும் இழக்க நேரலாம்.

ஆகவே, நம் ஊர் கிளினிக்குகளில் மருந்தின் பெயரும் தேதியும் அச்சிட்டுத் தரும் அந்தச் சிறு பிளாஸ்டிக் பையைத் தூக்கி எறியாதீர்கள். முதல் கொப்புளத்தைக் கண்டதுமே கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். வாயிலோ கண்ணிலோ புண் வந்தாலும், தோல் உரிந்து வலித்தாலும், நாள் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றுக்குப் பின் சிறுநீரகமும் பாதிக்கப்படக்கூடும் என்பதால், சிறுநீர் கறுத்துப் போனாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அவள் எடுத்திருந்த முதல் படம், மருந்துப் பையில் இருந்த தேதிக்கு முந்தியது. கொப்புளங்கள் தழும்பின்றி உரிந்து ஆறின. ஒவ்வாமைக் குறிப்பு எதுவும் அவளுடைய மருத்துவப் பதிவில் ஏறவில்லை.