21 இலக்கம், ஒரு கட்டம் தவறிய வரி

ஒரே பெரிய எண்ணை இரண்டு வழியில் கையாலேயே கணக்கிட்டுப் பார்க்கிறேன்: இடப்பக்கம் அடுக்கு, வலப்பக்கம் பெருக்கல். நேற்று, ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பக்கமும் ஒருவழியாக ஒத்துவந்துவிட்டன: 147573952589676412927. இரண்டின் 67-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. 193707721-ஐயும் 761838257287-ஐயும் பெருக்கினாலும் அதே எண். கால்குலேட்டரைத் தொடவே இல்லை.

பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1644-இல் இதைப் பகா எண் பட்டியலில் சேர்த்தார். 1876-இல் கணித அறிஞர் லூகாஸ் காரணிகளைக் காட்டாமலேயே பகு எண் என்று நிரூபித்தார். 1903-இல் நியூயார்க் கூட்டமொன்றில் கணிதப் பேராசிரியர் கோல் கரும்பலகையில் ஒரு பக்கம் அடுக்கையும் மறுபக்கம் பெருக்கலையும் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்தாராம். அதைப் படித்த நாளிலிருந்தே எனக்கு இந்த ஆசை.

இடப்பக்கம் எளிது. இரண்டின் 64-ஆம் அடுக்கு, 18446744073709551616, மனப்பாடம். மூன்று முறை இரட்டித்து ஒன்றைக் கழித்தால் முடிந்தது. படுத்தியது வலப்பக்கம். 193707721-இல் ஏழு மூன்று தடவை வருகிறது. அதனால் மற்ற எண்ணை ஏழால் பெருக்கிய வரியை, 5332867801009, ஒருமுறை கணக்கிட்டு மூன்று இடத்தில் எழுதினேன். மூன்று வாரமாக விடை தப்பாகவே வந்தது. ஒன்பதால் வகுத்துச் சோதித்தால் இரண்டு பக்கமும் மீதி 1. எந்தப் பக்கம் பிழை என்றே தெரியவில்லை.

அப்புறம்தான் பதினொன்றுக்கு மாறினேன். காரணிகளின் மீதி 9, 8; பெருக்கினால் 72, அதாவது 6. இடப்பக்கமும் 6. என் வலப்பக்கம் மட்டும் 8! வரி ஒரு கட்டம் தள்ளிப்போனால் ஒன்பதுக்கு அது தெரியவே தெரியாது. பதினொன்றுக்கு உடனே தெரியும்.

சரி, எந்த வரி? இரண்டு விடையிலும் கடைசி 2927 மட்டும் ஒத்திருந்தது. அப்படியானால் கோளாறு வலமிருந்து ஐந்தாம் கட்டத்தில். அது 193707721-இல் உள்ள பூஜ்யத்தின் இடம், காலியாக விட வேண்டியது. அக்கா மகளை உரக்க வாசிக்கச் சொன்னேன். "மாமா, இந்த ஏழு வரி முந்தின வரிக்கு ஒரு கட்டம்தான் தள்ளியிருக்கு, ரெண்டு இல்லையா?" என்றாள். அதேதான்! ஆறாம் கட்டத்தில் தொடங்க வேண்டிய வரியை ஐந்தில் தொடங்கியிருந்தேன்.

கட்டம் போட்ட நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் ஊரில் முதலில் வாங்கியதில் கோடுகள் மங்கல். மழைநாளில் தோட்டத்து வீட்டு வெளிச்சத்தில் கட்டம் எது, வரி எது என்றே பிரியவில்லை. இப்போது பள்ளிப்பிள்ளைகள் வாங்கும் பெரிய கட்ட நோட்டுதான், இரண்டு வெள்ளி (ரிங்கிட்). பென்சில் 2பி.

அட்டையில் சுத்தப் பிரதி இன்னும் எழுதவில்லை. அதற்குள் மனம் இரண்டின் 59-ஆம் அடுக்கில் ஒன்று குறைவான எண்ணுக்குப் போய்விட்டது: 179951 × 3203431780337. பெருக்கும் எண்ணில் பூஜ்யமே இல்லை. வரும் ஞாயிறு தொடங்குகிறேன்.