அளவைச் சொல்லாத ஆலோசனை

“அளவை மட்டும் சொல்லுங்க தம்பி, போடுறது என் பொறுப்பு” என்றார் குட்டைக்காரர். “அளவு சொன்னா போடச் சொன்ன மாதிரிதான் அண்ணே” என்றேன் நான். தேவிபட்டினத்துக்கு வடக்கே இறால் குட்டைகளுக்கு ஆலோசனை சொல்லிப் பிழைக்கும் என்னிடம் இந்தக் கேள்வி வருவது புதிதல்ல. நீலப்பச்சைப்பாசி ஆடையாகப் படியும்போதெல்லாம் யாராவது அதைக் கொல்லும் மயில்துத்தத்தைப் (காப்பர் சல்பேட்) பற்றிக் கேட்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அன்று நான் மறுத்தது பொறுப்பினாலா, பழி வராமல் கை கழுவிக்கொள்ளவா என்பதுதான் இன்னும் எனக்குத் தீரவில்லை.

கணக்கு எனக்குத் தெரியாததல்ல. நீரின் மொத்தக் காரத்தன்மையை நூறால் வகுத்து, வரும் எண்ணை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கொள்வது மீன்குளங்களில் வெகுகாலமாகப் புழங்கும் வழி. அவருடைய குட்டையில் காரத்தன்மை 120, ஆக 1.2 மில்லிகிராம். ஒரு ஹெக்டேர் பரப்பில் 1.2 மீட்டர் ஆழத்துக்கு நீர் நின்றால் 14.4 கிலோ மயில்துத்தம் வேண்டும். அதில் கால் பங்கு செம்பு, அதாவது மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். ஐரோப்பிய ஒன்றியத்தில் விளைநிலத்துக்கு ஏழு ஆண்டுகளுக்கும் சேர்த்தே ஹெக்டேருக்கு 28 கிலோ செம்புதான் உச்சவரம்பு. இயற்கை விவசாயிகள் தெளிக்கும், மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவைக்கும் விலக்கில்லை. ஓர் ஆண்டுப் பங்கை ஒரே காலையில் கரைக்க நான் வழிகாட்டுவதா என்று தோன்றியது.

அவரும் சும்மா விடவில்லை. “நீங்க எழுதிக் கொடுக்கிற மினரல் மிக்ஸ்லயும் காப்பர் இருக்கே?” என்று கேட்டார். இருக்கிறது. இறாலின் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோசயனின். நமக்கு இரும்பு எப்படியோ அதற்குச் செம்பு அப்படி. செம்பு இல்லாமல் இறால் இல்லை. “மிளகாய்ப் பழம் அழுகுதுன்னு காப்பர் ஆக்சிகுளோரைடு அடிக்கிறேன், அப்ப யாரும் தடுக்கலையே?” என்பது அடுத்த கேள்வி. முண்டு மிளகாய்க்கு லிட்டருக்கு இரண்டரை கிராம் என்று யார் கேட்டாலும் தயங்காமல் சொல்லக்கூடியவன்தான் நான். அந்தப் பொடி எளிதில் கரையாது. இலைமேல் படிந்திருந்து, ஈரம் படும்போது சிறிது சிறிதாகச் செம்பு அயனியை விட, முளைக்கும் பூஞ்சை வித்து அதை உறிஞ்சிக்கொண்டு, தன் நொதிகளும் புரதங்களும் செயலிழந்து மடிகிறது. குட்டையில் போட்டதோ நீரோடு கலந்து எல்லா உயிரின் செவுளையும் தொடுகிறது. செவுள் உப்பைச் சமன்செய்யும் வேலையையே அது கெடுக்கிறது. இதையெல்லாம் விளக்கினேன். நடுவில் அவர் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் கேட்டது ஓர் எண்ணை.

மறுநாளே வேறெங்கோ வாங்கி, கைக்கணக்கில், குட்டை முழுவதும் ஒரே மூச்சில் போட்டுவிட்டார். பாசி நன்றாகவே செத்தது. செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜனைத் தின்னும். நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர்களை எல்லாம் ஓடவிட்டும் விடியற்காலையில் இறால் மேலே வந்து மிதந்தது, கொஞ்சம் செத்தும் போனது. செம்பு நேராக அவற்றைக் கொன்றிருக்காது என்றே நினைக்கிறேன். உவர்நீரில் உள்ள உப்புகள் அதன் வீரியத்தைத் தணிக்கும், வளர்ந்த இறால் ஓரளவு தாங்கும், குஞ்சுகள்தாம் தாங்காது. குட்டையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, இடையில் நாள் விட்டு, வெயில் ஏறிய பிறகு போட்டிருந்தால் இந்த மூச்சுமுட்டல் குறைந்திருக்கும். எண்ணைச் சொல்லியிருந்தால் கூடவே இதையும் சொல்லியிருப்பேன். அதே சமயம், சொல்லியிருந்தால் அடுத்த போகத்தில் அக்கம்பக்கத்துக் குட்டைகளிலெல்லாம் ‘சார் சொன்ன அளவு’ என்று அது ஓடியிருக்கும் என்பதும் பொய்யல்ல.

அந்த நீரை உடனே வாய்க்காலில் திறக்க வேண்டாம் என்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன், கேட்டார். வாய்க்கால் போய்ச் சேருவது பாக் விரிகுடாவில். சிப்பியின் இளம் உயிரிக்கு லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்கு செம்பே பெருங்கேடு. தேக்கி வைத்தால் செம்பு மண்துகளிலும் அழுகலிலும் ஒட்டிச் சேற்றில் இறங்கிவிடும். இறங்கும், அழியாது. வேறு பூச்சிமருந்துகளைப் போல நாளடைவில் சிதைந்து போகாது, அது தனிமம்.

ஆனால் என் பயமே மிகையோ என்றும் ஒரு கணக்கு சொல்கிறது. அந்தக் குட்டையின் மேல் பத்து சென்டிமீட்டர் சேறு ஏறத்தாழ ஆயிரம் டன் இருக்கும். மூன்றரைக் கிலோ செம்பை அதில் பரப்பினால் கிலோவுக்கு மூன்றரை மில்லிகிராம்தான் கூடும். ஒரு தடவைக்கு அது பெரிதில்லை. அவர் போட்டது எவ்வளவு என்றோ, இனி எத்தனை போகம் போடுவார் என்றோ அந்தக் கணக்கில் இடமில்லை.

அறுவடைக்குப் பிறகு குட்டையைக் காயவிட்டு, சேற்றைச் சுரண்டி எங்கே கொட்டுவது என்று அவரே கேட்டார். உப்புச் சேறு, மிளகாய் வயலுக்கு ஆகாது, வாய்க்காலிலும் கூடாது, கரைமேல் ஏற்றுங்கள் என்றேன். ஏற்றிவிட்டார். ஐப்பசி மழையில் கரை கரைந்து பாதிச் சேறு மறுபடி குட்டைக்குள்ளேயே வரும் என்பது சொல்லும்போதே எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.