சீன மொழி ஆசிரியர் எடுக்கும்போது

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கப் பாடசாலைகள் மண்டரின் தொடங்க நினைத்தால், சான்றிதழோடு நிற்காதீர்கள். எச்.எஸ்.கே. என்ற சீன மொழித் தகுதித் தேர்வில் 4ஆம் நிலை என்றால் பழைய அளவில் சுமார் 1200 சொற்கள். ஆனால் அந்தத் தேர்வில் பேச்சு இல்லை. பேச்சுக்கு எச்.எஸ்.கே.கே. தனியாக உண்டு, அதன் பெறுபேற்றையும் கேளுங்கள்.

பிறகு தரம் 8 பிள்ளைகள் முன் 20 நிமிடம் படிப்பிக்க விடுங்கள். 'நீ ஹாவ்' (வணக்கம்) போதும். தொனி என்பது சீனத்தில் சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கம். 'நீ', 'ஹாவ்' இரண்டுமே மூன்றாம் தொனிச் சொற்கள். சேர்த்துச் சொல்லும்போது முதலாவது இரண்டாம் தொனியாக மாறும். அதைத் தமிழில் விளங்கப்படுத்த முடிகிறதா என்று பாருங்கள். இங்கே பலர் தடுக்குவது மொழியில் இல்லை, விளக்கத்தில்தான்.

இன்னொன்று, தமிழ்ப் பிள்ளைக்கே உரிய சிக்கல். 'பா' என்றால் அப்பா, மூச்சைத் தள்ளி 'ப்ஹா' என்றால் பயம், இரண்டும் நான்காம் தொனி. தமிழில் இந்த வேறுபாடு இல்லை. நல்ல ஆசிரியர் வாய்க்கு முன் மெல்லிய கடதாசித் துண்டைப் பிடிக்கச் சொல்வார்: 'ப்ஹா'வுக்குக் கடதாசி ஆடும், 'பா'வுக்கு அசையாது. சீனத்தை ஆங்கில எழுத்தில் எழுதும் பின்யினில் வரும் 'இசட் எச்'சைப் பிள்ளைகள் 'ழ' என்று வாசிப்பார்கள். அதையும் முதல் வாரமே திருத்த வேண்டும்.

கொழும்பிலிருந்து வருபவருக்கு முதலில் தங்குமிடம் பாருங்கள். வாரம் ஒருநாள் வந்து போவது சரிவராது. தொனி தினமும் காதில் விழ வேண்டிய விசயம்.