காரில்லாதவனின் கார் பார்க்கிங்

வேளச்சேரியில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தில் எனக்கென்று ஒரு கார் பார்க்கிங் உண்டு. கார்தான் இல்லை.

வீடு வாங்கும்போதே பில்டரிடம் சொல்லிப் பார்த்தேன். பார்க்கிங் வேண்டாம், அந்தக் காசைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இப்ப வேணாம்பீங்க சார், நாளைக்கு வாங்குவீங்க. அப்ப ரோட்லயா நிறுத்துவீங்க?" என்றார். கூட வந்திருந்த மாமனாரும் அவர் கட்சியில் சேர்ந்துகொண்டார். "இடம் இருந்தா வண்டி தானா வந்துடும் மாப்பிள்ளை." அவர் சொன்னது பலிக்கத்தான் செய்தது. வண்டிகள் வந்தன. என்னுடையது மட்டும் வரவில்லை.

என் இடம் கேட்டைத் திறந்ததும் நேர் எதிரே, கிழக்குப் பார்த்து இருக்கிறது. பக்கத்தில் தூண் கிடையாது. மற்றவர்கள் எல்லாம் தூணுக்கும் சுவருக்கும் நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை நுழைத்துவிட்டு, கதவைப் பாதி திறந்து, வயிற்றை உள்ளிழுத்து இறங்குகிறவர்கள். அதனால் கட்டடத்தில் யார் புது கார் வாங்கினாலும் பூஜை என் இடத்தில்தான். "சார், ஒரு அரை மணி நேரம், நல்ல நேரம் முடியறதுக்குள்ள" என்று கேட்டால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் சுற்றி உடைத்து, சர்க்கரைப் பொங்கல் கொடுத்துவிட்டுப் போவார்கள். இதுவரை அங்கே நசுங்கிய எலுமிச்சம்பழத்துக்கு எனக்கு ஒரு விமானமே வந்திருக்க வேண்டும்.

பூஜை இல்லாத நாட்களில் இஸ்திரிக்காரரின் தள்ளுவண்டி நிற்கும். மழை பெய்தால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. சாயங்காலம் பிள்ளைகள் ஷட்டில் ஆடுவார்கள். யாரோ மகளுக்கு வாங்கி, மகள் கல்யாணமாகிப் போன பிறகும் போகாத ஒரு சைக்கிள் ஓரமாக நிற்கிறது. ஒரு மார்கழியில் தெருநாய் ஒன்று அங்கே குட்டி போட்டது.

இத்தனை பேரும் சும்மா இருந்தார்கள். மூன்றாம் மாடிக்காரரால்தான் இருக்க முடியவில்லை. அவருக்குக் கார் இரண்டு, இடம் ஒன்று. என்னை லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம், "உங்க இடம் சும்மாதானே சார் கிடக்கு" என்பார். வாடகை என்ற பேச்சு மட்டும் வராது. கொஞ்ச நாளில் கேட்பதையும் நிறுத்திவிட்டார். அவருடைய இரண்டாவது கார் ராத்திரி வந்து என் இடத்தில் படுத்துக்கொண்டு, நான் எழுந்திருப்பதற்குள் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அது தெரியவே தெரியாது. அசோசியேஷனிலிருந்து நோட்டீஸ் வந்தபோதுதான் தெரிந்தது: "தங்கள் காரிலிருந்து ஆயில் ஒழுகித் தரை பாழாகிறது. உடனடியாகச் சரிசெய்யவும். தவறினால் சுத்தம் செய்யும் செலவு மெயின்டெனன்ஸில் சேர்க்கப்படும்."

நோட்டீஸை எடுத்துக்கொண்டு செகரட்டரியிடம் போனேன். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் ரெஜிஸ்டரில் பார்த்துத்தான் பேசுவார். பார்த்தார். "உங்க கார் நம்பர் காலமே காலியா இருக்கே சார். அதை முதல்ல ஃபில்லப் பண்ணுங்க."

"கார் இல்லை சார்."

"அப்ப ஆயில்?"

அடுத்த கூட்டத்தில் இது விவாதத்துக்கு வந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். ஸ்டில்ட் பார்க்கிங், அதாவது கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்துகிற தரைத்தளம், எல்லோருக்கும் பொதுவான இடம், அதைத் தனியாக விலை வைத்து விற்க பில்டருக்கு உரிமையில்லை என்று 2010-லேயே ஒரு மும்பை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது என்று எடுத்துவிட்டேன். கூட்டத்தில் ஈயாடவில்லை. ஏனென்றால் அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் அந்த இடத்துக்குத் தனியாக லட்சக்கணக்கில் கொடுத்தவர்கள். ஆயிலை மறந்துவிட்டு அடுத்த பொருளான தண்ணீர் லாரிக்குப் போய்விட்டார்கள்.

ஏன் கார் வாங்கவில்லை என்றால் பெரிய கொள்கை எல்லாம் ஒன்றும் கிடையாது. வீட்டிலிருந்து வேளச்சேரி ரயில் நிலையம் நடக்கிற தூரம். சேப்பாக்கத்தில் இறங்கினால் ஆபீஸ். டிக்கெட் பத்து ரூபாயைத் தாண்டாது. 2007 நவம்பரில் பறக்கும் ரயில் வேளச்சேரி வரைக்கும் வந்தது, நான் அதை நம்பித்தான் இங்கே வீடே பார்த்தேன். ஸ்டேடியத்தில் மேட்ச் நடக்கிற நாட்களில் கடற்கரைச் சாலையில் எங்கேயோ காரைச் சொருகிவிட்டு வேர்க்க விறுவிறுக்க நடந்து வருகிறவர்களைப் பார்ப்பேன். கார் வைத்திருந்தால் நானும் அவ்வளவு நடந்திருப்பேன். உடம்புக்கு நல்லதுதான்.

லைசென்ஸ் இருக்கிறது. முறையாகப் படித்து வாங்கியது. டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். ஸ்டியரிங் என் கையில், மற்றதெல்லாம் அவர் காலில். வண்டி ஒழுங்காகப் போனபோது ஓட்டியது யார் என்பது எனக்கு இன்றுவரை தெளிவாகவில்லை. அந்த லைசென்ஸை வெளியூர் ரயிலில் டிக்கெட் பரிசோதகரிடம் மட்டும் நீட்டுகிறேன். ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "கார் ஓட்டுவீங்களா, அப்புறம் ஏன் சார் ரயில்ல?" என்று கேட்டார். அவரே இப்படிக் கேட்டால் என்ன செய்வது?

என் மனைவி ஸ்கூட்டர் ஓட்டுவாள். நான் பின்னால் உட்கார்ந்து, மடியில் காய்கறிப் பையோடு வருவேன். முருங்கைக்காய் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருப்பதால் யாரும் ஒட்டி உரசி வருவதில்லை. எங்களுக்கு இதில் ஒரு சங்கடமும் கிடையாது. சங்கடமெல்லாம் மாமனாருக்குத்தான். அவர் வந்திருக்கும்போது தெருமுனையிலேயே இறங்கி நடந்து வரச் சொல்லி ஜாடையாகக் கேட்டுக்கொண்டார்.

கல்யாண வீடுகளில்தான் காரில்லாதவன் பாடு தனி. மண்டபத்தில் நுழைந்ததும் முதல் கேள்வி, "எப்படி வந்தீங்க?" பஸ்ஸில் என்றால் ஒரு 'ஐயோ' விழும். உடனே யாராவது ஒருவர், "போகும்போது நம்ம வண்டியிலயே போயிடலாம், வழிதானே" என்று நம்மைப் பதிவு செய்துகொள்வார். அதற்குப் பிறகு நாம் அவருடைய ஆள். அவர் சாப்பிட்டு, தாம்பூலம் வாங்கி, பழைய நண்பர் ஒருவரைப் பிடித்து அரை மணி பேசி முடிக்கிற வரைக்கும் வாசலில் நிற்க வேண்டும். வண்டியில் ஏறினால் பின் சீட்டில் ஏற்கெனவே ஒரு பாட்டி, ஒரு கைக்குழந்தை, தேங்காய்ப் பைகள். நமக்குக் கிடைக்கிற இடத்தில் நாம் பாதிதான் உட்கார முடியும். ஆனால் சன்ரூஃபைப் பார்த்து முழுசாக வியக்க வேண்டும். சுற்றி எல்லாப் பக்கமும் தெரிகிற கேமராவைப் பாராட்ட வேண்டும். மைலேஜ் எவ்வளவு என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அவரே சொல்வார்.

இத்தனையும் செய்து கிண்டி தாண்டும்போது, "இங்க இறங்கினா உங்களுக்கு வசதி இல்ல?" என்பார். இறங்கிப் பார்த்தால் கத்திப்பாரா. தலைக்கு மேல் பாலம் நாலாபக்கமும் சுழன்றுகொண்டு போகிறது. எந்தப் பக்கம் நடந்தால் எந்த ஊர் பஸ் வரும் என்பது அந்தப் பாலத்துக்கே தெரியாது. கையில் தாம்பூலப் பையும் பட்டு வேட்டியுமாக ராத்திரி பத்து மணிக்கு அங்கே நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சரி, 2024 அக்டோபருக்கு வருகிறேன். சென்னைக்கு ரெட் அலர்ட் என்று அறிவித்தார்கள். வேளச்சேரிக்காரனிடம் ரெட் அலர்ட் என்று சொன்னால் அவன் பால், பிரெட்டுக்கு முன்னால் காரைத்தான் நினைப்பான். நாங்கள் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் பார்த்தவர்கள், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்கள். ஏரி நிறைந்தால் தண்ணீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போக வேண்டும். போகிற வழியெல்லாம் நாங்கள்தான் வீடு கட்டிக் குடியிருக்கிறோமே. அதனால் அது எங்கள் பார்க்கிங்குக்கு வந்துவிடும்.

மழைக்கு முந்தைய ராத்திரியே எல்லோரும் மேம்பாலத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். பாலத்தின் ஓரம் முழுக்க வரிசையாக கார்கள். அபராதம் போடுகிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பி, அப்படியெல்லாம் இல்லை என்று போலீஸே மறுக்க வேண்டியிருந்தது. எங்கள் கட்டடத்து ஆண்கள் கும்பலாகப் போய் நிறுத்திவிட்டு, குடையோடு நடந்து திரும்பி வந்தார்கள். அன்று ராத்திரி எங்கள் ஸ்டில்ட் முழுவதும் காலி. எல்லோருடைய இடமும் என் இடம் போலவே இருந்தது. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் நன்றாகவே பெய்தது. அதற்கடுத்த நாள் பயந்த அளவுக்கு இல்லை. மேகம் வடக்கே நகர்ந்துவிட்டது. ஆனால் யாரும் பாலத்திலிருந்து வண்டியை எடுக்கவில்லை. காரணம் கேட்டால், எடுத்தால் அந்த இடம் போய்விடுமாம்!

செகரட்டரிக்கு அன்று மயிலாப்பூரில் அக்கா வீட்டில் ஒரு விசேஷம். போயே ஆக வேண்டும். ஆட்டோ ஆப்பில் பார்த்தால் "டிராப் எங்க சார்? கேஷா, ஆன்லைனா?" என்று கேட்டுவிட்டு மூன்று பேர் கேன்சல் செய்துவிட்டார்கள். மனிதர் கணவன் மனைவியாக என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "சார், அந்த ரயில்ல எப்படிப் போகணும்?"

அந்த நிலையத்துக்கு அருகிலேயே இத்தனை வருஷம் இருந்தவர் அதனுள்ளே நுழைந்தது அன்றுதான். டிக்கெட் விலையைக் கேட்டு, "ஒருத்தருக்கா?" என்று இரண்டு தரம் கேட்டார். பெட்டியில் உட்கார்ந்ததும் அவருடைய கை தானாக வலது தோளுக்கு மேலே போய் எதையோ தேடியது. சீட் பெல்ட்! வண்டி பெருங்குடியில் நிற்கப்போகும்போது வலது கால் தரையை அழுத்திப் பிரேக் போட்டது. தரமணியிலும் போட்டது. திருவான்மியூரிலிருந்து நான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு நிலையத்தையும் அவர் விடவில்லை. கஸ்தூரிபா நகர் தாண்டும்போது எதிர் சீட்டுக்காரர் தன் செருப்பை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"இது பீச் வரைக்கும் போகுமா?" என்று கேட்டார். பீச் ஸ்டேஷன் வரைக்கும் அப்போது போகவில்லை. நாலாவது ரயில் பாதை போடுகிற வேலைக்காக ஒரு வருஷத்துக்கு மேலாக சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தி வைத்திருந்தார்கள். இதை நான் சொன்னதும், "ஒரு வருஷமாவா? யாரும் கேக்கலையா?" என்று கொதித்துப் போனார். அதுவரைக்கும் அப்படி ஒரு ரயில் ஓடுவதே அவருக்கு ஒரு பொருட்டில்லை. திருமயிலையில் இறங்கி, மெட்ரோ வேலைக்குப் போட்ட தகரத் தடுப்புகளுக்கு நடுவே அவர்களை வழியனுப்பிவிட்டு அடுத்த வண்டியில் ஆபீஸ் போனேன்.

திரும்பும்போது அவர் மனைவி பஸ்ஸில்தான் வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார். பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ் வந்து மூன்று வருஷம் ஆகியும் அந்த அம்மாள் ஒரு தடவைகூட ஏறியதில்லையாம். அடையாறில் மாறி வந்தார்கள். இரண்டு பஸ்ஸிலும் அவருக்கு இலவசம், கணவருக்கு டிக்கெட். ராத்திரி என் மனைவியிடம் அந்த அம்மாள் அந்தச் சீட்டைக் காட்டிக் காட்டிச் சிரித்தார். "பென்ஷன் வாங்கறவர் அவர், சும்மா வந்தது நான்!"

கார்கள் பாலத்திலிருந்து இறங்கி வந்தன. அந்த மாதக் கடைசியில் ரயில் மறுபடி பீச் வரை ஓட ஆரம்பித்தது. செகரட்டரி அது தான் அன்று கோபப்பட்டதால்தான் நடந்தது என்று நம்புகிறார். இப்போது விடியற்காலை வண்டியில் லைட் ஹவுஸ் போய் மெரினாவில் வாக்கிங். சீசன் டிக்கெட்டே வாங்கிவிட்டார். வாட்ஸாப் குழுவில் ரயில் நேரங்களைப் போடுகிறார். அதைப் பார்த்து மூன்றாம் மாடிக்காரரும் வாக்கிங் கிளம்பினார். அங்கேதான் வினை.

செகரட்டரி தினமும் ஒரே பெட்டியில், ஒரே ஜன்னலோரம் உட்காருகிறவர். ஒருநாள் மூன்றாம் மாடிக்காரர் முன்னாலேயே போய் அதில் உட்கார்ந்துவிட்டார். வேளச்சேரியிலிருந்து கிளம்புகிற வண்டி, அந்த நேரத்தில் பெட்டி முழுக்கக் காலி. இருந்தும் இவர் நகரச் சொல்லியிருக்கிறார். அவர் மாட்டேன் என்றிருக்கிறார். மறுநாள் இவர் துண்டு போட்டு வைத்தார். அவர் துண்டை மடித்து எதிர் சீட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். "சும்மாதானே சார் கிடந்துது" என்றாராம்.

இந்த மாதக் கூட்டத்துக்கு அஜெண்டா வந்திருக்கிறது. செகரட்டரி கையெழுத்திட்டது. ஒன்று, தண்ணீர் லாரி. இரண்டு, லிஃப்டின் வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம். மூன்று, ஜன்னலோர சீட் தொடர்பாக. அனுபவஸ்தர் என்ற முறையில் நான் அவசியம் கலந்துகொள்ள வேண்டும் என்று கீழே பேனாவால் எழுதியிருக்கிறார். கார் நம்பர் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தது.