கால்பந்துக்காகப் பறக்கும் வாலிபால்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைக் காசு கெடுத்துவிட்டது என்று புலம்புகிறார்கள். காசு எப்போதும் இருந்ததுதானே? பயிற்சியாளர் கோடிகளில் வாங்கினார், ஆடுகிற பையனுக்குப் படிப்புச் செலவு மட்டும். 2021 ஜூலையில்தான் தன் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம் என்று விட்டார்கள். 2025-இல் நீதிமன்ற ஒப்பந்தம் வந்தது. இப்போது ஒரு பல்கலைக்கழகம் வருடத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு தரலாம். சரி, நியாயம்தான்.

எனக்கு உறுத்துவது வேறு. டிவி ஒப்பந்தத்தில் கூடுதல் பணம் பார்க்க, 2024-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் யுசிஎல்ஏ, யுஎஸ்சி என்ற இரண்டு பல்கலைக்கழகங்களும் பிக் டென் என்ற கல்லூரி லீக்குக்குத் தாவின. (பெயர்தான் டென், உள்ளே 18 அணிகள். கணக்கு கேட்கக் கூடாது.) அவை விட்டுப்போன பசிபிக் கூட்டமைப்பிலிருந்து மற்றவையும் கிளம்ப, அங்கே மிஞ்சியது இரண்டே அணிகள். நூறு வருடப் பகையும் பெருமையும் அதோடு போச்சு.

கால்பந்து (கையில் பந்தைப் பிடித்து ஓடும் அமெரிக்கக் கால்பந்து) அணிக்கு என்ன, வாரத்துக்கு ஒரு ஆட்டம், தனி விமானம். வாலிபால் ஆடும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். லீக் ஆட்டத்துக்கு நியூ ஜெர்சி வரை கிட்டத்தட்ட 4,000 கிலோமீட்டர் பறக்க வேண்டும், மூன்று மணி நேர வித்தியாசம் வேறு. திரும்பி வந்ததும் காலையில் பரீட்சை இருக்கலாம். வீரர்களுக்குத் தரும் பங்கிலோ பெரும்பகுதி போவது கால்பந்துப் பையன்களுக்கு.

கால்பந்தை மட்டும் தனி லீக்காகப் பிரித்துவிட்டு, மற்ற ஆட்டங்களைப் பக்கத்து மாநிலங்களோடு ஆட விட்டால் என்ன?